வெள்ளி மாலை விளையாட்டுக்கு ஏன் ஆள் சேரவில்லை?

கேள்வி: ஆன்லைன் ஆர்டர்களைக் கையாளும் நிறுவனம் ஒன்றில் ஹெச்.ஆர். பொறுப்பில் இருக்கிறேன். மொத்தம் 42 பேர். அதில் 24 பேர் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவர்கள். காலை ஷிஃப்ட் 8.30 முதல் 5.30 வரை, மதிய ஷிஃப்ட் 12.30 முதல் 9.30 வரை. கணக்குப் பிரிவிலும் ஐ.டி.யிலும் ஆறு பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள். போன வருடம் பலர் வேலையை விட்டுப் போனதால், ‘ஆபீஸைக் கொஞ்சம் ஜாலியாக மாற்றுங்கள்’ என்றார் எம்.டி. டேபிள் டென்னிஸ் மேஜை வாங்கி, அழைப்புப் பிரிவுக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தில் போட்டோம். வெள்ளி மாலை 5.30 முதல் 6.30 வரை விளையாட்டு. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறோம், மாதம் ஒருவருக்குச் ‘சிறந்த ஊழியர்’ விருது கொடுக்கிறோம். முதல் இரண்டு வாரம் நல்ல கூட்டம். இப்போது ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். வருகையைக் கட்டாயமாக்கச் சொல்கிறார் எம்.டி. செய்யலாமா? வருடக் கடைசியில் ஒரு நாள் சுற்றுலா, அதையும் சனிக்கிழமை வைக்கலாம் என்கிறார். எதைச் செய்தால் இவர்களுக்கு வேலையிடம் பிடிக்கும்?

பதில்: கட்டாயமாக்க வேண்டாம். இப்போது வருகிற ஏழெட்டுப் பேராவது விரும்பி வருகிறார்கள். கட்டாயம் என்று வந்துவிட்டால் அவர்களுக்கும் அது இன்னொரு மீட்டிங்.

அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காலை ஷிஃப்ட்காரர்களுக்கு 5.30க்கு வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் அங்கே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் சொந்தக் கணக்கிலிருந்து போவது. பிள்ளையை அழைத்து வரவேண்டியவர், பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர், மாலையில் படிக்கிறவர் எல்லோரும் கிளம்பத்தான் செய்வார்கள். கிளம்பும்போது ‘யார் வரவில்லை என்று யாராவது குறித்து வைப்பார்களோ’ என்ற உறுத்தலையும் கூடவே கொண்டு போவார்கள். மதிய ஷிஃப்ட்காரர்களோ அந்நேரத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யாரோ ஒரு கஸ்டமரின் கோபத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் பந்துச் சத்தமும் கைதட்டலும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஆறு பேர் கணக்கிலேயே இல்லை. ஆக, நேரம் குறித்தபோதே பாதிப் பேர் வெளியே நின்றுவிட்டார்கள். ஆர்வமில்லை என்று அவர்களைச் சொல்லிப் பயனில்லை.

கட்டாய விளையாட்டைப் பற்றி ஆய்வே இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் கல்லூரியைச் சேர்ந்த ஈத்தன் மோலிக்கும் நான்சி ராத்பார்டும் விற்பனைப் பிரிவு ஊழியர்களிடையே ஒரு விளையாட்டைப் புகுத்திப் பார்த்தார்கள். விளையாட்டுக்கு மனதார ஒப்புக்கொண்டவர்களுக்கு வேலையில் உற்சாகம் கூடியது. ஒப்பாதவர்களுக்கு இருந்த உற்சாகமும் குறைந்தது. இரு தரப்பும் ஆடியது ஒரே விளையாட்டுத்தான்.

எம்.டி.க்குச் சட்டப் பேச்சு எடுபடும் என்றால் பிரான்ஸ் வழக்கு ஒன்றைச் சொல்லுங்கள். பாரிஸில் ஓர் ஆலோசனை நிறுவனம், தன் ‘ஜாலி’ கலாச்சாரத்தோடு ஒட்டவில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி 2015இல் ஓர் ஊழியரை வேலையிலிருந்து நீக்கியது. கூட்டங்களிலும் மதுவிருந்துகளிலும் அவர் கலந்துகொள்வதில்லை என்பது புகார். 2022 நவம்பரில் அந்த நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படி விலகி நிற்பது அவருடைய கருத்துச் சுதந்திரம் என்று தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம். ஆனால் வரமாட்டேன் என்பவரின் மனநிலை எங்கும் ஒன்றுதான்.

எனவே வெள்ளி மாலையை இந்த வாரமே நிறுத்துங்கள். சத்தமில்லாமல் கைவிடக் கூடாது. ‘வேலை நேரத்துக்குப் பிறகு வைத்தது சரிவரவில்லை, வேறு மாதிரி யோசிக்கிறோம்’ என்று இரண்டு வரியில் அறிவித்துவிடுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குப் புதிதாக எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். அந்த மாதத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே சொன்னது இது: வேலையில் எரிச்சலூட்டுபவை ஒரு வகை, பிடிப்பைத் தருபவை வேறு வகை. முதல் வகையைச் சரிசெய்வதால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது. ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டு உற்சாகத்தை ஊட்ட முயன்றால் ஆட்களுக்குக் கோபம்தான் வரும். அவருடைய கோட்பாட்டைப் பின்னால் வந்தவர்கள் பல இடங்களில் மறுத்திருக்கிறார்கள். இந்த ஒரு வரி மட்டும் ஆபீஸ் ஆபீஸாக உண்மையாகிக்கொண்டே இருக்கிறது. செருப்புக்குள் முள்ளை வைத்துக்கொண்டு ஆடச் சொன்னால் யார் ஆடுவார்கள்?

முள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சர்வே படிவம் அனுப்பாதீர்கள். 42 பேர் இருக்கும் இடத்தில் ‘பெயர் தேவையில்லை’ என்று போட்டாலும், ‘பிரிவு: கணக்கு, அனுபவம்: ஐந்து ஆண்டுக்கு மேல்’ என்று இரண்டு கட்டத்தை நிரப்பியதும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் எல்லோரும் ‘நன்று’ என்ற கட்டத்தில் டிக் அடித்து அனுப்புவார்கள். நேரில் பேசுங்கள். பதினைந்து பேர் போதும்: அழைப்புப் பிரிவில் ஷிஃப்டுக்கு நான்கு பேர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் இரண்டு பேர், சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர் இரண்டு பேர், எப்போதும் வாயைத் திறக்காதவர் இரண்டு பேர். ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் காலத்தில் இருக்கும் ஒருவரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளதைச் சொல்ல அவருக்குத் தயக்கம் குறைவு. ஆளுக்கு இருபது நிமிடம், அவர்கள் வேலை நேரத்தில், உங்கள் கேபினுக்கு வெளியே.

கேட்க வேண்டியவை மூன்று. போன வாரத்தில் எந்த இடத்தில் ‘சே’ என்று ஆனது? எந்த வேலை செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை? நாளையிலிருந்து ஒன்றை நிறுத்தலாம் என்றால் எதை நிறுத்துவீர்கள்? ‘சந்தோஷமாக இருக்கிறீர்களா’ என்று கேட்டால் ‘ஆமாம் மேடம்’ என்ற பதில்தான் வரும். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பெயரைக் குறிக்காதீர்கள். முடிந்ததும் மூன்றாகப் பிரியுங்கள்: நீங்களே செய்யக்கூடியது, எம்.டி. மனது வைக்க வேண்டியது, இப்போதைக்கு முடியாதது. மூன்றாவது பட்டியலையும் காரணத்தோடு வெளியிடுங்கள். கடைசிப் பேச்சு முடிந்து இரண்டு வாரத்துக்குள் குறைந்தது இரண்டு குறைகளாவது சரியாகியிருக்க வேண்டும். கேட்டுவிட்டுக் கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்துவிட்டால், அடுத்த முறை ஒருவரும் பேசமாட்டார்கள்.

சம்பளம் தாமதம், ஆள் பற்றாக்குறை, ஒரு டீம் லீடரின் வசவு என்று ஏதாவது கிளம்பினால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது தீரும்வரை கேளிக்கை எதுவும் எடுபடாது; நக்கலாகத்தான் படும்.

அழைப்புப் பிரிவு உள்ள இடங்களில் வழக்கமாக வருகிற குறைகள் சில உண்டு. ஷிஃப்ட் பட்டியலைக் கடைசி நேரத்தில் ஒட்டுவது அவற்றில் முதன்மையானது. இரண்டு வாரம் முன்பே வெளியிடுங்கள். ஒரே வேலை தெரிந்த இருவர் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள அனுமதி கேட்க வேண்டியதில்லை, முந்தைய நாள் மதியத்துக்குள் தகவல் சொன்னால் போதும் என்று விதியை வையுங்கள். ஒரு கட்டுப்பாடு மட்டும் தேவை: இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே குறைந்தது பதினோரு மணி நேர இடைவெளி. இல்லாவிட்டால் நல்ல மனதுக்காரர் ஒருவரே எல்லோருக்கும் ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்துக் களைத்துப்போவார். ஹெட்செட் ஆளுக்கு ஒன்று சொந்தமாக இருக்கட்டும். இன்னொருவர் வியர்வை ஊறிய காதுப் பஞ்சை மாட்டிக்கொண்டு நாளைத் தொடங்குவது எவ்வளவு அருவருப்பு என்று, மாட்டாதவர்களுக்குத் தெரியாது.

அடுத்தது ரீஃபண்ட். இதை ஓர் அழைப்பில் வைத்துப் பாருங்கள். உடைந்த பொருள் வந்திருக்கிறது, கஸ்டமர் படமும் அனுப்பிவிட்டார், தவறு நிறுவனத்துடையது என்று போனை எடுத்தவருக்கும் தெரிகிறது. ஆனாலும் அவர் டீம் லீடருக்கு டிக்கெட் (சிஸ்டத்தில் புகார்ப் பதிவு) போட வேண்டும், டீம் லீடர் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், அங்கே ஒருவர் ஓகே சொல்ல வேண்டும். அதுவரை இவரால் சொல்ல முடிந்தது ‘48 மணி நேரத்துக்குள் பதில் வரும் சார்’ என்ற ஒரு வாக்கியம். அந்தக் கஸ்டமர் மறுநாள் மறுபடி அழைக்கிறார். இப்போது போனை எடுப்பவர் வேறொருவர். கோபம் இரட்டிப்பாகி அவர் தலையில் இறங்குகிறது. ஒரு நாளைக்கு இப்படி ஆறு அழைப்பு வந்தால் மாலையில் யாருக்கு விளையாடத் தோன்றும்? போன மூன்று மாத ரீஃபண்ட் கணக்கை எடுத்து, பத்தில் எட்டு கோரிக்கை எந்தத் தொகைக்குள் அடங்குகிறது என்று பாருங்கள். அந்தத் தொகை வரை போனை எடுப்பவரே அழைப்பு முடிவதற்குள் முடித்துவிடலாம் என்று அதிகாரம் கொடுக்கச் சொல்லுங்கள். ஏமாற்று வேலை நடக்குமே என்பார் எம்.டி. வாரம் இருபது ரீஃபண்டைக் கைக்கு வந்தபடி எடுத்துச் சரிபார்த்தால் அது போதும். இந்த ஒரு மாற்றம் டேபிள் டென்னிஸ் மேஜையைவிடப் பெரிய உற்சாகத்தைக் கொடுக்கும். செலவும் பெரிதாக இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் தெரேசா அமபிலே குழுவினர் 7 நிறுவனங்களில் 238 பேரைத் தினமும் குறிப்பு எழுதச் சொல்லி, ஏறக்குறைய 12,000 குறிப்புகளை அலசினார்கள். மனம் நன்றாக இருந்த நாள்களில் மற்ற எதையும்விட அதிகமாகக் காணப்பட்டது, செய்கிற வேலையில் ஏதோ ஓர் அடி முன்னேறியது என்பதே. விருந்தும் கொண்டாட்டமும் அதற்குப் பின்னால்தான். போனை வைக்கும்போது ‘முடித்துக் கொடுத்துவிட்டோம்’ என்ற நினைப்பு ஒருவருக்கு நாளில் பத்து முறை வந்தால், அவர் பாதி உற்சாகத்தைத் தானே கொண்டுவந்துவிடுவார்.

தன் வேலை யாருக்கு எப்படி உதவியது என்று பார்க்கக் கிடைப்பதும் இதே மாதிரிதான் வேலை செய்யும். ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை திரட்டுபவர்களை அமெரிக்க உளவியலாளர் ஆடம் கிராண்டும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்ற மாணவர் ஒருவரைச் சில நிமிடம் சந்தித்தவர்கள், ஒரு மாதம் கழித்துப் போனில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. உங்களிடம் நன்றி சொல்லி வரும் மின்னஞ்சல்கள் எங்கே போகின்றன? பெரும்பாலும் டிக்கெட்டை மூடியதும் புதைந்துவிடும். வாரத்துக்கு இரண்டை எடுத்து, கஸ்டமர் பெயரை மறைத்து, அந்த அழைப்பை எடுத்தவருக்கும் பொருளைப் பேக் செய்தவருக்கும் அனுப்புங்கள். பாராட்டு வேண்டுமென்று நீங்களே எழுதிச் சேர்க்காதீர்கள், ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடினமான அழைப்புக்குப் பிறகு மூச்சுவிட நேரம் வேண்டும். சிஸ்டத்தில் ‘இடைவேளையில் இருக்கிறேன்’ என்று காட்ட அதற்கென்று தனிக் குறியீடு ஒன்று உருவாக்குங்கள். ஷிஃப்டுக்கு இரண்டு முறை, தலா ஐந்து நிமிடம், காரணம் கேட்கக் கூடாது. பத்து நிமிடத்துக்கு உட்பட்ட சின்ன இடைவேளைகள் களைப்பைக் குறைத்துத் தெம்பைக் கூட்டுகின்றன என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. இது எங்கே கெடும் என்றால், டீம் லீடரின் திரையில். யார் எத்தனை முறை அந்தக் குறியீட்டைப் போட்டார்கள் என்று பெயர் வாரியாக அவருக்குத் தெரிந்தால், மாத முடிவில் அது ஒரு குற்றப்பட்டியல் ஆகிவிடும். பிரிவு முழுவதற்குமான மொத்தக் கணக்கு மட்டும் தெரியும்படி வைத்துவிடுங்கள்.

ஒரு மாதம் இப்படிப் போகட்டும். அதற்குப் பிறகு கேளிக்கை.

அதை நீங்கள் நடத்தாதீர்கள். ஹெச்.ஆர். நடத்தினால் அது ஹெச்.ஆர். நிகழ்ச்சி. ஐந்து பேர் குழு ஒன்று அமையட்டும்: காலை ஷிஃப்டில் இருவர், மதிய ஷிஃப்டில் இருவர், வீட்டிலிருந்து வேலை செய்பவர் ஒருவர். டீம் லீடர்கள் வேண்டாம். விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். நிரந்தரமாக விட்டால் ‘வழக்கமான அதே ஆட்கள்’ என்று பெயர் விழுந்துவிடும். எம்.டி. ஒதுக்கிய பணத்தை மாதாமாதம் பிரித்து அவர்கள் கையில் கொடுங்கள். ரசீது மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், எதற்கென்று முன்கூட்டிக் கேட்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அவர்கள் டார்கெட்டிலிருந்து கழித்துவிட வேண்டும். இதை மறந்தால் குழுவில் சேர்ந்தது தண்டனை ஆகிவிடும், இரண்டாவது சுற்றுக்கு யாரும் பெயர் கொடுக்கமாட்டார்கள். குழுவுக்கு விதிகள் நான்கு: வேலை நேரத்துக்குள், முப்பது நிமிடத்துக்குள், யாரையும் முன்னால் இழுத்து நிறுத்தாமல், வராதவரை ஏன் என்று கேட்காமல்.

நேரம் எப்போது? இரண்டு ஷிஃப்டும் சேர்ந்திருக்கும் 12.30க்கும் 5.30க்கும் நடுவே. நான்கு வார அழைப்புக் கணக்கை அரை மணி அரை மணியாகப் பிரித்துப் பாருங்கள், தொய்வான நேரம் ஒன்று தெரியும். உதாரணத்துக்கு, புதன் 3.00 முதல் 3.25 வரை என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரம் 12 பேர் போனில், 12 பேர் நிகழ்ச்சியில். அடுத்த வாரம் மாறிக்கொள்ளலாம். அந்த அரை மணியில் கஸ்டமர்கள் போனில் காத்திருக்கும் நேரத்தை மாத அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்று எம்.டி.யிடம் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காவிட்டால் மூன்றாவது வாரமே டீம் லீடர் ‘இன்றைக்கு அழைப்பு அதிகம், வேண்டாம்’ என்பார், அதோடு சரி.

வினாடி வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் வைப்பார்கள், பலர் அதைத்தான் கெடுப்பார்கள். பன்னிரண்டு கேள்வி, நால்வர் கொண்ட அணி, இருபது நிமிடம். அணியைச் சீட்டுக் குலுக்கி ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரியுங்கள். பிரிவு வாரியாக விட்டால் அழைப்புப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் இருக்கிற பழைய பகை மேஜைக்கு வந்துவிடும். பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதச் சொல்லுங்கள். முந்திக்கொண்டு கத்துபவர்கள் மூன்று பேருடைய நிகழ்ச்சியாக மாறாமல் இருக்க இதுதான் வழி. கேள்விகளில் சினிமாவும் விளையாட்டும் சேர்ந்து நான்கைத் தாண்டக் கூடாது. மூன்று கேள்வி ஆபீஸைப் பற்றியே இருக்கட்டும்: போன மாதம் அதிகம் திரும்பி வந்த பொருள் எது, படிக்கட்டில் எத்தனை படி, பிரிண்டரில் பேப்பர் அடிக்கடி மாட்டிக்கொள்வது எந்தத் தட்டில். வயதும் படிப்பும் குறுக்கே வராத கேள்விகள் இவைதான்; சிரிப்பும் இவற்றுக்குத்தான் வரும். ஒரு கேள்விக்கு எண்ணால் பதில் வருமாறு வைத்து, சமநிலை வந்தால் நெருங்கிய எண்ணுக்கு வெற்றி என்று முடியுங்கள். பரிசு அற்பமாக இருக்க வேண்டும். பரிசு பெரிதானால் அடுத்த நிமிடம் ‘கூகுளில் பார்த்தான்’ என்ற சண்டை வரும்.

எல்லாமே போட்டியாக வேண்டாம். பேசிக் களைத்தவர்களுக்குப் பேச்சில்லாத பொழுதுபோக்கும் தேவை. ஆயிரம் துண்டு ஜிக்சா புதிர் ஒன்றை ஓய்வறை மேஜையில் பரப்பி வையுங்கள். முடிந்தால் ஏறக்குறைய 70 செ.மீ.க்கு 50 செ.மீ. வரும், சிதறிய துண்டுகளுக்கும் இடம் வேண்டும் என்பதால் மேஜை ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். போகிற வருகிறவர்கள் இரண்டு துண்டு பொருத்திவிட்டுப் போவார்கள், யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. ‘கலைக்காதீர்கள்’ என்று எழுதி வைத்துவிட்டுச் சுத்தம் செய்பவரிடம் சொல்ல மறந்தால், மறுநாள் காலை எல்லாம் பெட்டிக்குள் போயிருக்கும்.

டேபிள் டென்னிஸ் மேஜையை என்ன செய்வது? மேஜை மட்டும் 2.74 மீட்டர் நீளம், 1.525 மீட்டர் அகலம். பொழுதுபோக்காக ஆடவே இரு முனையிலும் இரண்டிரண்டு மீட்டராவது வேண்டும், அதாவது ஏழு மீட்டருக்கு நான்கு மீட்டர் இடம். அழைப்புப் பிரிவுக்குப் பின்னால் அது இருக்கும்வரை, பந்தின் ஒவ்வொரு தட்டும் கஸ்டமர் காதில் விழும், ஆடுபவர்களும் குற்ற உணர்வோடுதான் ஆடுவார்கள். கதவு மூடக்கூடிய அறை ஒன்று இருந்தால் நகர்த்துங்கள். இல்லையென்றால் விற்றுவிடுவது நல்லது. வாங்கிவிட்டோமே என்பதற்காக வைத்திருப்பது வேலைக்கு ஆகாது.

பிறந்தநாளை வேலையில் சேரும்போதே கேட்டுவிடுங்கள்: எல்லோர் முன்னிலையிலும் கொண்டாடலாமா, ஒரு வாழ்த்து அட்டை போதுமா, எதுவுமே வேண்டாமா? சிலர் வீட்டில் துக்கம் நடந்திருக்கலாம், சிலருக்கு வயது தெரிய வேண்டாம், சிலருக்கு முப்பது பேர் சுற்றி நின்று பாடுவதே வேதனை. வார விடுமுறையில் பிறந்தநாள் வருபவரை விட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. 42 பேரில் ஒருவரை மறந்தாலும் அவர் வருடம் முழுக்க மறக்கமாட்டார். மாதத்துக்கு ஒரே நாளில் அந்த மாதத்தவர் எல்லோருக்கும் சேர்த்து வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

‘சிறந்த ஊழியர்’ விருதை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. ஒருவர் மகிழ 41 பேர் கைதட்ட வேண்டிய ஏற்பாடு அது. நான்கைந்து மாதம் போனதும் ‘இந்த முறை யார் முறை’ என்று சுற்று விட ஆரம்பிப்பீர்கள். விருதுகள் தலைகீழாகப் போனதற்குச் சான்றும் உண்டு: சலவைத் தொழிற்கூடம் ஒன்றில் நேரத்துக்கு வருபவர்களுக்குப் பரிசு வைத்தபோது, சிலர் பரிசுக்குத் தகுதி பெறுவதற்கென்றே வருகையை வளைத்துக்கொண்டார்கள், ஏற்கெனவே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் வேலை வேகமோ குறைந்தது. விருதுக்குப் பதில், தங்கள் ஆட்களைப் பாராட்ட டீம் லீடர்களைப் பழக்குங்கள். நடந்த இரண்டு நாளுக்குள், நடந்ததைக் குறிப்பிட்டு. ‘சூப்பர், கலக்கிட்டீங்க’ என்றால் காற்றோடு போய்விடும். ‘அந்த முகவரி இரண்டு இடத்தில் வேறு வேறாக இருந்ததை நீங்கள் கவனித்ததால் நாற்பது பார்சல் தப்பியது’ என்றால் நிற்கும். கூட்டத்தில் சொல்வதா தனியே சொல்வதா என்பது ஆளைப் பொறுத்தது.

கிண்டல் விஷயத்தில் எல்லை போட்டுவிடுங்கள். உடம்பு, நிறம், பேச்சு வழக்கு, கல்யாணம் ஆகாதது, குழந்தை இல்லாதது எதுவும் நகைச்சுவைக்கு விஷயமாகக் கூடாது. ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்து, அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார் என்றால் அவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிரிக்காமல் இருந்தால் இன்னும் அதிகமாகும் என்பதாலும் சிரிப்பார்கள். கேளிக்கைக்கான வாட்ஸ்அப் குழுவையும் வேலைக்கான குழுவையும் கலக்காதீர்கள். கேளிக்கைக் குழுவில் எம்.டி. இருக்க வேண்டியதில்லை, நீங்களும்தான்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களை, ஓர் அறையில் முப்பது பேர் சத்தம் போட, லேப்டாப் திரையில் ஓரமாக உட்கார வைக்காதீர்கள். அதைவிட அழைக்காமலே இருக்கலாம். வினாடி வினா என்றால் அணிக்கு ஒரு லேப்டாப், அணிக்கு ஒருவர் வீட்டிலிருந்து என்று பிரித்துவிட்டால் அவரும் நால்வரில் ஒருவராகிவிடுவார்.

சரிவருகிறதா என்பதைச் சிரித்த முகம் போட்ட புகைப்படத்தை வைத்து எடைபோடாதீர்கள். நான்கு விஷயத்தை எண்ணுங்கள்: தானாக வந்தவர்கள் எத்தனை பேர், அடுத்த முறையும் வந்தவர்கள் எத்தனை பேர், மறு சுற்றுக் குழுவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் எத்தனை பேர், நீங்கள் சொல்லாமலே அவர்களாக ஆரம்பித்தது ஏதாவது உண்டா. ஒரு நிகழ்ச்சிக்கு அன்று வரக்கூடியவர்களில் மூன்றில் ஒரு பங்கு கூட இரண்டு முறை தொடர்ந்து வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், காரணம் தேட வேண்டாம். வேலையை விட்டுப் போகிறவர்கள் எண்ணிக்கை குறைகிறதா என்று பார்க்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். அதை மாதாமாதம் கேட்கக் கூடாது என்று எம்.டி.யிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவரும் நிகழ்ச்சிக்கு வரலாம். வந்தால் ஓர் அணியில் உட்கார்ந்து ஆட வேண்டும், உரையாற்றக் கூடாது.

சுற்றுலா பற்றிக் கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை வேண்டாம்; வேலை நாளில் வையுங்கள். 24 பேர் போனை ஒரே நாளில் மூட முடியாது என்றால், இரண்டு வாரத்தில் இரண்டு குழுவாக அழைத்துப் போகலாம். எந்தக் குழு என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். இடத்தையும் ஊழியர் குழுவே மூன்று சொல்லி, வாக்கெடுத்து முடிவு செய்யட்டும். வழக்கமாக வேலை முடியும் நேரத்துக்குள் திரும்ப ஆபீஸ் வாசலில் இறக்கிவிட வேண்டும். ஓட, ஏற, நீந்த முடியாதவர்களுக்கும் அங்கே செய்ய ஏதாவது இருக்கிறதா, கழிப்பறை எப்படி என்று குழுவில் ஒருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வராதவர்களுக்கு அன்று என்ன என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்: ஆபீஸ் வந்து வழக்கமான வேலை, சம்பளம் பிடித்தம் இல்லை, லீவுக் கணக்கில் கை வைப்பதில்லை, காரணம் எழுதித் தர வேண்டியதும் இல்லை.